குடக்கூலி

வீட்டு வாடகையை எங்கள் பக்கத்து முதியவர்கள் ‘குடக்கூலி’ என்றே வழங்கி வந்தனர். குடியிருப்பதற்காகக் கொடுக்கும் கூலி என்பது அதன் நேர்ப்பொருள். நாள் முழுதும் உழைத்துக் கூலி பெறுகிறவன், பெற்ற கூலியிலிருந்தே பிரித்து மற்றொருவருக்குக் கொடுக்கின்ற கூலி என்று நான் அதற்குப் பொருள் கொள்வதுண்டு. சிவகாசியின் அச்சகங்களில் மையும் காகிதமுமாய் நிற்பவர்கள், பைண்டிங் பிரிவில் காலண்டர்த் தாள் அடுக்கும் பெண்கள், லாரி ஆபீசுகளில் பண்டல் ஏற்றுகிறவர்கள், விருதுநகரின் பருப்பு, வத்தல், எண்ணெய் மண்டிகளில் மூட்டை தூக்குகிறவர்கள் எனப் பலருக்கும் மாதத்தின் முதல் வாரம் என்பது இந்தக் கூலியைப் புரட்டும் வாரம். அரிசிக்கு ரேஷன் கடை உண்டு. பிள்ளைக்குப் பள்ளியில் சத்துணவு உண்டு. நோய்க்கு அரசு மருத்துவமனை உண்டு. குடக்கூலிக்கு மட்டும் இவர்கள் எந்த அலுவலகத்தின் வாசலிலும் போய் நிற்க இயலாது. அப்படியொரு வாசலே இல்லை.

இவர்கள் குடியிருக்கும் வீட்டைக் ‘காம்பவுண்டு வீடு’ என்றும் ‘லைன் வீடு’ என்றும் சொல்வார்கள். தெருவிலிருந்து ஓர் ஆள் நுழையும் அகலத்தில் உள்ளே போகும் சந்து. அதன் ஓரமாக வரிசையாய் எட்டோ பத்தோ கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஓர் அறை, அறையின் மூலையில் அடுப்பு. சந்தின் கோடியில் எல்லாருக்கும் பொதுவாய் ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு கழிப்பறைகள். முன்பணம் வாங்குவார்கள்; எழுத்தில் ஒன்றும் இராது. வாடகை ரசீது கேட்கிற குடித்தனக்காரரை வீட்டுக்காரர்கள் ஒருவிதமாகப் பார்ப்பார்கள்.

மின்சாரத்தின் கதையைச் சொன்னால் நிலைமை விளங்கும். தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி என்று அறிவிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் லைன் வீட்டில் பத்துக் குடித்தனங்களுக்கும் சேர்த்து இணைப்பு பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். ஒவ்வொரு கதவின் மேலும் அவர் வைத்த சிறு மீட்டர் ஒன்று ஓடும். அதில் ஓடுகிற யூனிட்டுக்கு அவர் வைத்ததே விலை. அரசாங்கம் விட்டுக்கொடுத்த பணம் சந்தின் வாசல்வரை வந்து, வீட்டுக்காரர் பையில் தங்கிவிடும். உள்ளே இருக்கிற பத்து வீட்டுக்கும் அது வந்த செய்திகூடத் தெரியாது.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியபோதும் இதேபோல் ஒன்று நடந்தது. எங்கள் தெருவை ஒட்டிய ஒரு காம்பவுண்டில் இருக்கும் பெண்மணி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பணம் வந்துச்சு அண்ணே. வந்த ரெண்டாம் மாசமே வீட்டுக்காரரு வாடகையில முந்நூறு ஏத்திட்டாரு. எனக்கு எழுநூறு, அவருக்கு முந்நூறு. அவரும் நம்ம கூட்டுக்காரருதான்னு வச்சுக்கிட்டேன்.” வீட்டுக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். வீடுகள் குறைவாகவும் தேடுவோர் மிகுதியாகவும் உள்ள ஊரில், கையில் காசு கூடினால் வாடகையும் கூடும். ஏழைக்குப் பணம் கொடுத்தால் போதும், வீட்டை அவன் பார்த்துக்கொள்வான் என்கிற பொருளாதார நூலோருக்கு அந்தப் பெண்மணியின் கணக்கை நான் காட்ட விரும்புகிறேன்.

சிவகாசி வட்டாரத்திற்கென்று தனித் துன்பம் ஒன்றும் உண்டு. கூலி பருவத்தைப் பார்த்து வரும். வாடகை பருவம் பார்ப்பதில்லை. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் கதவடைக்கும். மழைக் காலத்தில் காய்ச்சல் வேலை நின்றுவிடும். காலண்டரும் டைரியும் அச்சாகிற மாதங்களில் இரவும் பகலுமாய் ஓடிய அச்சகங்கள் தைக்குப் பின் மெலிந்துவிடும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளுக்குத் தடை விதித்துப் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் இடமளித்தபோது, நவம்பர் முதல் பல மாதங்கள் ஆலைகள் மூடிக் கிடந்தன. நீதிமன்றத்தின் கவலை தலைநகரின் குழந்தைகளுடைய நுரையீரலைப் பற்றியது. அதைத் தவறென்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மாதங்களில் காம்பவுண்டுகளில் மாத முதல் வாரம் எப்படிக் கழிந்தது என்பதைக் கண்ணால் கண்டவன் நான். முன்பணத்தில் கழித்தார்கள், முன்பணம் கரைந்ததும் தோடு, அதன்பின் பாத்திரம், அதன்பின் வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சொந்தக் கிராமத்திற்குத் திரும்புதல், அதனோடு பிள்ளைகளின் படிப்பு.

அரசாங்கம் ஏழைகளின் வீட்டைப் பற்றி எண்ணாமல் இல்லை. இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985இல் தொடங்கியது. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் சூரிய ஒளியுடன் கூடிய பசுமை வீடுகள், 2015இல் பிரதமர் பெயரிலான திட்டம், 2024இல் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் அளிக்கும் கலைஞரின் கனவு இல்லம் என்று ஆட்சிகள் மாறினாலும் திட்டங்கள் தொடர்ந்தன. குடிசை இருந்த இடத்தில் காங்கிரீட் கூரை எழுந்த கிராமங்களை நம் மாவட்டம் முழுதும் காணலாம். அதைக் கண்டு மகிழாதவன் மனிதனல்லன். எனினும் இவற்றில் பெரும்பாலானவற்றில் அலுவலர் கேட்கும் முதற் கேள்வி, “பட்டா இருக்கிறதா?” என்பதே. மண் உள்ளவனுக்கு அரசு சுவர் எழுப்பித் தருகிறது. மண்ணையும் ஊரையும் விட்டுப் பிழைப்புக்காக நகரத்திற்கு வந்தவன் அந்த முதற் கேள்வியிலேயே வெளியேறிவிடுகிறான். சொந்த வீடு கட்ட வேண்டும் என்பது அவன் இன்றைய தேவையுமன்று. அச்சகத்துக்கு நடந்து போகிற தூரத்தில், அடுத்த பத்தாண்டுகளுக்கு யாரும் விரட்டாத ஓர் அறை. அவன் கேட்பது அவ்வளவே.

அப்படியானால் வாடகைக்கென்று அரசு பணம் கொடுப்பதே இல்லையா? கொடுக்கிறது. தாராளமாகவே கொடுக்கிறது. யாருக்கு என்பதுதான் வியப்பு. அரசு ஊழியரின் சம்பளப் பட்டியலில் ‘வீட்டு வாடகைப்படி’ என்று ஒரு வரி உண்டு. அது வேண்டாதவருக்கு வீட்டு வசதி வாரியம் கட்டிய அரசு அலுவலர் வாடகைக் குடியிருப்பு உண்டு. தனியார் நிறுவனத்தில் நல்ல சம்பளம் பெறுவோர்க்கும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வாடகைப்படிக்கு வரிவிலக்கு அளித்தது. வாடகைப்படி பெறாதவர்க்கும் அதே சட்டத்தின் 80ஜிஜி பிரிவு மாதம் 5,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ள இடம் தந்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவன் எதிலிருந்து எதைக் கழிப்பான்? எங்கள் தெருவில் ஒரே சுவரை நடுவில் வைத்து இரண்டு குடித்தனங்கள் இருந்தன. ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர். மற்றவர் கட்டிங் இயந்திரம் ஓட்டுபவர். ஒரே வீட்டுக்காரர், ஒரே வாடகை. ஆசிரியரின் வாடகையில் அரசு பங்கு கொண்டது. இயந்திரக்காரர் தம் வாடகையைத் தாமே கொடுத்தார். ஆசிரியருக்குக் கொடுத்ததை நான் குறைகூறவில்லை. ஒருவனுக்குப் பொருந்துகிற நியாயம் சுவருக்கு அந்தப் பக்கம் ஏன் பொருந்தவில்லை என்று கேட்கிறேன்.

விருதுநகர் பெற்றெடுத்த காமராசர், ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தும், சென்னையில் திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீட்டிலேயே வாழ்ந்து 1975இல் மறைந்தார். சொந்த வீடின்மை ஒருவனின் தகுதிக் குறைவன்று என்பதற்கு இதைக் காட்டிலும் சான்று வேண்டியதில்லை. ஆயினும் நம் ஊரில் இன்றும் பெண் கேட்டுப் போனால், “சொந்த வீடா, வாடகை வீடா?” என்பதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள்.

விடுதலைக்குப் பின் தொடக்க ஆண்டுகளில் ஆட்சியாளரின் எண்ணம் வேறாக இருந்தது. 1952இல் மத்திய அரசு தொழிலாளர்க்கான மானிய வீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாநில அரசு கட்டினால் செலவில் பாதி மானியம், பாதி கடன். முதலாளிகளோ கூட்டுறவுச் சங்கங்களோ கட்டினால் கால் பங்கு மானியம், அதனோடு கடன். அவ்வீடுகள் தொழிலாளர்க்குக் குறைந்த வாடகைக்கு விடப்பட வேண்டும் என்பது திட்டத்தின் உயிர். நாட்டின் முதல் பெரிய வீட்டுத் திட்டமே வாடகை வீட்டுக்கானது என்பதை இன்று எத்தனை பேர் அறிவார்கள்?

அது சிவகாசித் தொழிலாளியின் கைக்கு எட்டாமற் போனதற்குக் காரணம் அவன் செய்த தொழிலின் அமைப்பே. திட்டம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வரும் தொழிலாளியை நோக்கியது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் கல்கத்தா சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழிலோ பெரிய ஆலைகளாய்த் திரளாமல் சிறு சிறு பட்டறைகளாய்ப் பரவியது. கைத்தொழிலுக்கும் சிறு உற்பத்திக்கும் கலால் வரியில் அளித்த சலுகையும் ஆலை பெரிதாவதைவிடச் சிறியதாகவே இருப்பதை ஆதாயமாக்கியது. அடைப்பெட்டி ஒட்டியவர்கள் தத்தம் வீட்டுத் திண்ணையிலேயே ஒட்டினார்கள். சட்டத்தின் பார்வையில் அவர்களிற் பலர் தொழிற்சாலைத் தொழிலாளரே அல்லர்.

பட்டாசோ ஊருக்குள் இருக்கக் கூடாத தொழில். ஆலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே இவ்வளவு தூரம் வேண்டுமென்று வெடிபொருள் விதிகள் வற்புறுத்துகின்றன. எனவே தொழிலாளியை ஆலையருகே குடியேற்றாமல், கிராமத்திலிருந்தே அள்ளி வரும் வழக்கம் நிலைத்தது. விடியும் முன்னரே ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துச் சாலைகளில் ஆலை வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு வரும். வீடு கொடுக்க வேண்டிய இடத்தில் வண்டி கொடுத்தார்கள். கிராமத்தில் சொந்தக் கூரை உள்ளவர்க்கு அது போதும். கூரை இல்லாதவர்க்கும், கிராமத்தில் இருக்க மனமோ வழியோ அற்றவர்க்கும் எஞ்சியது லைன் வீடு. வேறொரு கொடுமையும் உண்டு. தாயில்பட்டி, விஜயகரிசல்குளம் பக்கங்களில் வீட்டுக்குள் வைத்துத் திருட்டுத்தனமாய்ப் பட்டாசு செய்து, வீடே வெடித்த செய்திகளைப் படித்திருக்கிறோம். உயிர்போகும் மருந்தை அடுப்படிக்கு அருகில் வைத்துக்கொள்ள ஒருவர் சம்மதிப்பது அறியாமையால் மட்டுமன்று. அன்றைய கூலியும் அடுத்த மாத வாடகையும் அதில் அடங்கியிருக்கிறது.

முதலாளி கட்டித் தருகிற வீடு இதற்கு மருந்தாகுமா என்றால், அதில் எனக்கு ஐயம் உண்டு. மதுரையில் ஹார்வி மில் தொழிலாளர்க்கென உருவான ஹார்விபட்டி இன்றும் அந்தப் பெயரிலேயே வழங்குகிறது. நல்லெண்ணத்தில் பிறந்த ஊர்தான். ஆனால் வேலை கொடுப்பவனே வீடும் கொடுத்தால், வேலை நிறுத்தம் என்று ஒன்று வரும்போது தொழிலாளி கூலியோடு கூரையையும் பணயம் வைக்க நேரிடும். நாட்டின் பல பகுதிகளில் 1950களில் ஆலைக் குடியிருப்புகளுக்குப் போகத் தொழிலாளர் தயங்கியதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

சென்னையில் 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது மாடிக் குடியிருப்புகளை எளிய மாத வாடகைக்கே கொடுத்தார்கள். வாடகை பாக்கி குவிந்தது. கட்டடங்களைப் பழுது பார்க்கப் பணம் இல்லை. 1977 முதல் உலக வங்கியின் கடனோடு வந்த திட்டங்கள், மனையைக் கொடுத்து அவரவரே கட்டிக்கொள்ளச் செய்யும் வழிக்குத் திருப்பின. மெல்ல மெல்ல அரசு ‘வீட்டுக்காரர்’ என்னும் பதவியிலிருந்து விலகிக்கொண்டது. தன் பங்கு மானியத்தைக் கொடுக்காமல், வாடகைக் கட்டுப்பாடு என்னும் பெயரால் பாரத்தைத் தனியார் வீட்டுக்காரர் தலையில் வைத்தது 1960ஆம் ஆண்டுச் சட்டம். விளைவு, வாடகைக்கென்று வீடு கட்டவே பலர் அஞ்சினர். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கட்டாயமாக்கி, குடியிருப்புக்கான முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்று வரையறுத்தது. சட்டம் நல்லது. நான் விசாரித்த எந்தக் காம்பவுண்டிலும் அதன் பெயரை யாரும் கேட்டிருக்கவில்லை.

2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் வடநாட்டுத் தொழிலாளர் நூற்றுக்கணக்கான மைல்களைக் கால்நடையாய்க் கடந்ததை நாடு கண்ட பின்னர்தான், வாடகை வீடு என்ற சொல் மத்திய அரசின் ஏட்டில் மீண்டும் ஏறியது. அவ்வாண்டு ஜூலையில் கட்டுபடியாகும் வாடகைக் குடியிருப்புத் திட்டத்திற்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், கைப்பேசி ஆலைப் பெண்களுக்கென 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 706 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. மனம் வைத்தால் அரசால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. தைவான் நாட்டு நிறுவனம் கேட்டால் முடிகிறது. 2021இல் மாநகராட்சியாய் உயர்ந்த சிவகாசியின் உள்ளூர்த் தொழிலாளி கேட்டால் முடியவேண்டாமா? அங்குள்ளவை தனியாக வந்த பெண்கள் படுத்தெழும் கட்டில்கள். இங்கே வேண்டியவை குடும்பத்தோடு இருக்கும் அறைகள் என்பது உண்மைதான்.

இதுவரை பணத்தைப் பற்றியே பேசினேன். வாடகை வீட்டில் பணத்துக்கு முன் நிற்கும் தடை ஒன்று உண்டு. இளவயதில் வேலை நிமித்தம் ஒரு பெருநகரத்தில் வீடு தேடியலைந்த நாட்கள் நினைவிருக்கின்றன. வாடகை பேசி முடியும். சாவி கைக்கு வரும் நேரத்தில் பெயரைக் கேட்பார்கள். சொன்னதும், “அடடா, நேத்தே ஒருத்தருக்கு முடிஞ்சு போச்சே தம்பி” என்பார்கள். இத்தகைய அனுபவம் இல்லாத முஸ்லிம் குடும்பம் நகரங்களில் அரிது. நம் கிராமத்திலிருந்து வரும் தாழ்த்தப்பட்ட குடும்பத்திடம் பெயர் கேட்பதோடு நிற்பதில்லை. ஊரின் எந்தப் பக்கம், எந்தத் தெரு என்று கேட்டு அறிந்துகொள்வார்கள். பொதுப் பணத்தில் கட்டிய வாடகை வீட்டின் முதற் சலுகை, குறைந்த வாடகையன்று. அங்கே விண்ணப்பம் செய்கிறவனை விதி பார்க்கிறது. வீட்டுக்காரரின் மனம் பார்ப்பதில்லை. இதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே, நாமும் ஒரு வகையில் வீட்டுக்காரர்கள்தாம் என்பதையும் மறக்கலாகாது.

எங்கள் மஹல்லாவுக்கு ஆறு வீடுகள் வக்பு. மூன்று தலைமுறைக்கு முன் வத்தல் மண்டி வைத்திருந்த ஒரு பெரியவர் எழுதி வைத்தது. வாடகை வருமானம் பள்ளிவாசல் விளக்குக்கும், ஏழை மையித்துகளின் கபன் செலவுக்கும் என்பது பத்திரத்தின் வாசகம். சில ஆண்டுகள் அதன் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. முதல் வீட்டின் வாடகை மாதம் 175 ரூபாய். முப்பது ஆண்டுகளாக அதே தொகை. வாடகைதாரர் புது விரிவாக்கத்தில் சொந்த மாடி வீடு கட்டிப் போய் நெடுநாளாயிற்று. அந்த வக்பு வீட்டை அவர் வேறொருவருக்கு 3,500 ரூபாய்க்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். ஏழைக்கென்று குறைத்து வைத்த வாடகை, கவனிப்பாரின்றிக் கிடந்தால் என்னவாகும் என்பதற்கு அந்த ஒரு வரவுச் சீட்டு போதும். அரசு வீடுகளைக் கைமாற்றி விற்கிறார்கள் என்று நாம் பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது வீட்டில் இருந்த வயோதிக மோதினார் வஃபாத்தானதும் அது காலியாயிற்று. இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று, நிர்வாகத்தில் இருந்த ஒருவரின் மைத்துனருடையது. துணி வியாபாரம், சந்தை வாடகை 3,500 தரத் தயார். மற்றது, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பெண் ஒருத்தியுடையது. அவள் முஸ்லிம் அல்லள். கணவன் பட்டாசு ஆலை விபத்தில் இறந்தான். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நேர்ந்ததைப் போல நாடறிந்த விபத்தன்று, நாளிதழின் உட்பக்கத்தில் நான்கு வரி வருகிறதே, அவ்வகை. பைண்டிங் வேலை, பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். நான்கு காம்பவுண்டுகளில் கேட்டிருக்கிறாள். “ஆம்பளை இல்லாத வீடுன்னா ராத்திரி பிரச்சினை வரும்னு சொல்றாக அண்ணே. ஒருத்தரு எந்த ஆளுகன்னு கேட்டாரு. சொன்னேன். அப்புறம் அவரு பேசவேயில்ல,” என்றாள். 1,500க்கு மேல் தன்னால் ஆகாது என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

நிர்வாகக் கூட்டம் இஷாவுக்குப் பின் கூடியது. “நம்ம ஆளுகளுக்கே வீடில்லாம அலையுறாங்க. முதல்ல நம்மளப் பார்க்க வேண்டாமா?” என்றார் ஒருவர். அவர் சொன்னதில் பொய்யில்லை. மற்றொருவர் எழுப்பிய தடை இன்னும் கடினமானது. “அந்தம்மாவுக்கு ரெண்டாயிரம் குறைச்சா அது யார் காசு? கபன் துணிக்காசு. ஒரு ஏழைக்குக் கொடுக்க இன்னொரு ஏழைகிட்ட எடுக்க நமக்கு உரிமை இருக்கா பாய்?” வக்பின் நிபந்தனையை நிர்வாகி தன் இரக்கத்தால் மாற்ற முடியாது. மானியம் என்று எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். அதன் அடியில் எப்போதும் இந்தக் கேள்வி கிடக்கிறது.

இமாம் ஹஜ்ரத் அதுவரை பேசாதிருந்தார். பின்னர் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வக்பை நினைவூட்டினார். தம் வீடுகளை அறமாக்கிய அந்த நபித்தோழர், தம் பெண்மக்களில் மணமுறிவுற்றுத் திரும்புகிறவள் அவற்றில் குடியிருக்கலாம், அவளும் வீட்டுக்குக் கேடு செய்யலாகாது, அவளுக்கும் எவரும் கேடு செய்யலாகாது என்று வைத்தார். மறுமணம் செய்து நிலைபெற்றுவிட்டால் அவளுக்கு அங்கே உரிமையில்லை என்றும் வைத்தார். புகாரியின் தொகுப்பில் இது பதிவாகியிருக்கிறது. “தேவை இருக்கிற வரைக்கும் வீடு. தேவை முடிஞ்சா அடுத்தவருக்கு. இந்த ஒரு கணக்குத்தான் நம்ம முதல் வீட்டுல விட்டுப்போச்சு,” என்றார் ஹஜ்ரத். கைபர் நிலத்தை உமர் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் ஆலோசனைப்படி வக்பு செய்தபோது, அதன் பயன் வறியோர்க்கும் வழிப்போக்கர்க்கும் சேரும்படி வைத்ததையும், ஏழை எந்த மார்க்கத்தவராயினும் அறக்கொடை தடையன்று என்பதையும் சொல்லி, ஸகாத் பணத்தை மட்டும் இதில் கலக்க வேண்டாம் என்று எச்சரித்தார்.

முடிவு இதுவாயிற்று. வீட்டின் வாடகை ஏட்டில் 3,500 என்றே எழுதப்படும். அவள் தருவது 1,500. எஞ்சிய 2,000, மஹல்லாவில் விரும்பித் தரும் சிலரின் ஸதகாவிலிருந்து, மாதந்தோறும் தனிப் பத்தியில் வரவு வைக்கப்படும். கபன் கணக்கில் ஒரு காசும் குறையாது. ஒப்பந்தம் எழுத்தில், ஓராண்டுக்கு. ஆண்டு முடிவில் வருமானத்தைப் பார்த்து மறுபடி எழுதுவது. புதிய சட்டப்படி அதைப் பதிவும் செய்தோம். அந்தத் தாளைக் கொண்டு அவள் ரேஷன் அட்டையில் முகவரியை மாற்றிக்கொண்டாள். மின் இணைப்பைத் தனியாக்கியதால் அந்த 100 யூனிட்டும் அவள் கணக்கிலேயே கழிந்தது. மைத்துனருக்கு வீடு கிடைக்காத அந்த நிர்வாகி ஆறு மாதம் எனக்குச் சலாம் சொல்லவில்லை.

கொடுத்ததைக் கண்ணுக்குத் தெரிய எழுதிவைத்ததுதான் அந்த ஏற்பாட்டின் பலம் என்று நான் கருதுகிறேன். முதல் வீட்டிலும் மானியம் இருந்தது, இதைவிடப் பெரிய மானியம். எங்கும் எழுதப்படாததால் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் முப்பது ஆண்டுகள் ஓடின. நம் தமிழர் பலர் பிழைக்கும் சிங்கப்பூரில் 1960இல் வீட்டு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. மறு ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைகள் எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது, வாடகைக் குடியிருப்புகளை விரைந்து எழுப்பி அவர்களைக் குடியேற்றியே அது பெயர் பெற்றது. பின்னர் அங்கும் சொந்த வீடே பெரும்போக்காயிற்று. எனினும் மிக எளியவர்க்கென்று வாடகை வீடுகளை விடாமல் வைத்திருக்கிறார்கள். வருமானத்தைப் பொறுத்து வாடகை, இரண்டாண்டு ஒப்பந்தம், மறுபடி பார்த்துப் புதுப்பித்தல். ஸுபைர் (ரலி) அவர்களின் நிபந்தனையை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அறிவு ஒரே இடத்திற்குத்தான் வந்து சேர்கிறது. அமெரிக்காவில் 1974 முதல், குடித்தனக்காரர் தம் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு தர, எஞ்சிய வாடகையை அரசு வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் முறை இருக்கிறது. தகுதியுள்ளோரில் நாலில் ஒருவர்க்கே அது கிட்டுகிறது என்பது அதன் குறை.

சிவகாசிக்கு இரண்டும் வேண்டும். வாடகையில் ஒரு பங்கை வெளிப்படையாய் ஏற்பதும் வேண்டும். புதிய அறைகளும் வேண்டும். அறைகள் கூடாமல் பணம் மட்டும் கூடினால் முந்நூறு ரூபாய்ப் பெண்மணியின் கதைதான் ஊர் முழுதும் நடக்கும். அறைகள் மட்டும் எழுந்து, யாருக்கு எதுவரை என்ற கணக்கு இல்லாது போனால் எங்கள் முதல் வீட்டின் கதை நடக்கும். நிலம் மாநகராட்சியுடையதாகவும், கட்டும் செலவில் பட்டாசு, அச்சுத் தொழில்களின் பங்கும் அரசின் பங்கும் கலந்ததாகவும், சாவி மட்டும் எந்த முதலாளியிடமும் இல்லாததாகவும் இருந்தால், 1952இல் எண்ணிய எண்ணம் இங்கே நிறைவேறக்கூடும். ஆலை மூடிக் கிடக்கும் மாதங்களில் வாடகையைத் தள்ளிவைக்கும் விதி ஒன்றையும் அதில் சேர்க்கலாம். பருவத் தொழில் நடக்கும் ஊருக்கு வாடகையும் பருவமறிந்து வரட்டும்.

ஆறாவது வீட்டுக்கு இரண்டாம் முறை புதுப்பிக்கும் நாள் வந்தபோது அந்தப் பெண் தானாகவே கணக்கோடு வந்தாள். மூத்தவள் படிப்பை முடித்து ஓர் அச்சகத்தில் கணினி வடிவமைப்புக்குப் போகிறாள். “இனி ரெண்டாயிரத்து ஐந்நூறு தர்றோம் அண்ணே. ஏட்டுல அப்படியே எழுதிக்கிருங்க,” என்றாள். செயலாளர் எழுதினார். ஸதகாப் பத்தியில் 2,000 அடிக்கப்பட்டு 1,000 என்று ஏறியது. பின்னர் ஏட்டை முதற்பக்கத்திற்குத் திருப்பினார். முதல் வீட்டுக்காரருக்கு மூன்றாவது அறிவிப்பு அன்று மாலைத் தபாலில் போயிற்று.